ஊருக்குப் போகிறீர்களா? தபாலை யார் வாங்குவார்?



மே மாதம் பிறந்தால் மும்பைத் தமிழர்களுக்கு ஊர் நினைப்பு வந்துவிடும். பள்ளிக்கூடம் லீவு. ஊரில் கோயில் கொடை இருக்கும். கல்யாணம், காதுகுத்து இருக்கும். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், எங்கே பார்த்தாலும் பெட்டி கட்டுவார்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் இடம் கிடைப்பது பெரும்பாடு. 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்பாகத்தான் டிக்கெட் பதிவு செய்யலாம். அந்த நாளை எண்ணி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

கிளம்பும் அன்று என்னென்ன செய்வார்கள்? கேஸை மூடுவார்கள். குழாயை இறுக்குவார்கள். துளசிச் செடியைப் பக்கத்து வீட்டில் வைப்பார்கள். பூட்டைப் பூட்டி, இரண்டு முறை இழுத்தும் பார்ப்பார்கள். எல்லாம் சரி. தபால் வந்தால் யார் வாங்குவார்? இதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

"இப்போது யார் கடிதம் எழுதுகிறார்கள்? எல்லாம் போனில்தானே?" என்று கேட்பார்கள். அதுவும் உண்மைதான். நலம் விசாரிக்கும் கடிதம் குறைந்துவிட்டது. 2013 ஜூலையில் தந்தியும் நின்றுபோனது. ஆனால் தபால்காரர் வருவது நிற்கவில்லை. இன்று அவர் பையில் என்ன இருக்கிறது? ஆதார் அட்டை, வாக்காளர் அட்டை, பான் கார்டு, பாங்கு கார்டு, செக் புத்தகம், பாஸ்போர்ட், இன்ஷூரன்ஸ் கடிதம், கோர்ட் நோட்டீஸ். நலம் விசாரித்த கடிதம் தொலைந்தால் இன்னொன்று எழுதச் சொல்லலாம். இவை தொலைந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தாராவியில் 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சாலில் குடியிருக்கிறார்கள். அப்பா தோல் பை தைக்கிறார். மகனுக்கு வளைகுடா நாட்டில் வேலை பேசியிருக்கிறது. ஏப்ரலில் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டான். போலீஸ் விசாரணையும் முடிந்தது. "வர நாளாகும்" என்று நினைத்து, எல்லோரும் கொடைக்கு ஊருக்குப் போனார்கள். மூன்றாம் நாளே ஸ்பீட் போஸ்ட் வந்துவிட்டது. வீடு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, "நான் வாங்கி வைக்கிறேன் அண்ணா" என்கிறார். தபால்காரர் கொடுக்க மாட்டார். ஏனென்றால் பாஸ்போர்ட்டை மனுப் போட்டவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அதுவும் அடையாள அட்டையைப் பார்த்துத்தான். நாள் கடந்தது. பாஸ்போர்ட் அனுப்பிய ஆபீசுக்கே திரும்பிப் போயிற்று. தொலைந்துபோகவில்லை. ஆனால் மறுபடி வாங்க அலைய வேண்டும். அதற்குள் வேலைக்குச் சொன்ன தேதி போய்விட்டால்?

இதில் தபால்காரர்மேல் குற்றம் இல்லை. அந்த அக்கா மேலும் இல்லை. பாஸ்போர்ட் வரும் சமயத்தில் அந்தப் பையன் மட்டுமாவது மும்பையில் இருந்திருக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டுக்கு ஒரு நம்பர் உண்டு. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் இரண்டு எழுத்து. அந்த நம்பரை வைத்து, தபால் எங்கே வந்திருக்கிறது என்று போனிலேயே பார்த்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுத்திருக்கலாம்.

தபாலில் இரண்டு வகை உண்டு. சாதாரணத் தபாலைத் தபால்காரர் கதவிடுக்கில் செருகுவார். பெட்டி இருந்தால் பெட்டியில் போடுவார். சில சால்களில் அண்ணாச்சி கடையில் கொடுத்துவிட்டுப் போவார். இன்னொரு வகை, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பது. முன்பு அதை ரிஜிஸ்டர் தபால் என்றார்கள். 2025-இல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். இப்படிப்பட்ட தபால் வரும்போது ஆள் இல்லையென்றால், ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு தபாலைத் திருப்பி எடுத்துப் போவார். தபாலாபீசில் பொதுவாக 7 நாள் வைத்திருப்பார்கள். அப்புறம் அனுப்பியவருக்கே போய்விடும். 7 நாள் எங்கே, ஊரில் இருக்கும் 30 நாள் எங்கே!

அதனால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே தபாலாபீசுக்குப் போக வேண்டும். அங்கே மூன்று விதமாகக் கேட்கலாம். வரும் தபாலை ஊர் விலாசத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். அல்லது, "எங்கள் தபாலை இன்னார் வாங்கிக்கொள்வார்" என்று ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். அல்லது, திரும்பி வரும்வரை வைத்திருக்கச் சொல்லலாம். எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்பதைப் போஸ்ட்மாஸ்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எதுவானாலும் வாயால் சொன்னால் போதாது. பீட் மாறினால் தபால்காரர் மாறிவிடுவார். புதியவருக்கு என்ன தெரியும்? எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

மனு பெரிதாக இருக்க வேண்டாம். இப்படி எழுதினால் போதும்:

"போஸ்ட்மாஸ்டர் அவர்களுக்கு, தாராவி தபாலாபீஸ், மும்பை 400017. ஐயா, நாங்கள் மே 5 முதல் ஜூன் 8 வரை வெளியூர் போகிறோம். எங்கள் பெயருக்கு வரும் தபாலைக் கீழே கண்ட விலாசத்துக்குத் திருப்பி அனுப்பும்படிக் கேட்டுக்கொள்கிறோம்."

இதன் கீழே வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும். மும்பை விலாசம், ஊர் விலாசம், போன் நம்பர், தேதி வேண்டும். ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா பெயரில் மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மா பெயருக்கு வந்த பாங்கு கார்டைக் கோட்டை விட்டுவிடக் கூடாது. கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. சொந்தக் கையெழுத்தைப் போடுங்கள். இரண்டு படி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றொன்றில் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது தபால் தவறிப்போனால் காட்டுவதற்கு அந்தச் சீல்தான் இருக்கும்.

மும்பையில் ஒரு சிக்கல் உண்டு. மனுவைத் தமிழில் அழகாக எழுதினாலும் அங்கே படிக்க ஆள் இருக்காது. மராத்தியில், இந்தியில் அல்லது ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். ஆனால் கையெழுத்துப் போடுமுன் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதியையும் பின்கோடையும் நீங்களே சரிபார்க்கலாம். 

பின்கோடு வந்ததே இதற்காகத்தான். இந்தியாவில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கின்றன. மக்கள் பல மொழியில் விலாசம் எழுதுகிறார்கள். தபாலைப் பிரிப்பவர்கள் திண்டாடினார்கள். அப்போது மத்திய அரசில் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் இந்த ஆறு எண் முறையை வகுத்தார். அவர் சமஸ்கிருதக் கவிஞரும்கூட. 1972 ஆகஸ்டு 15 அன்று இது நடைமுறைக்கு வந்தது. முதல் எண் வட்டாரத்தைக் காட்டும். மகாராஷ்டிரத்துக்கு 4, தமிழ்நாட்டுக்கு 6. முதல் மூன்று எண் சேர்ந்து, தபால் எங்கே பிரிக்கப்பட வேண்டும் என்று சொல்லும். மும்பைக்கு 400. கடைசி மூன்று எண் தபாலாபீசைச் சொல்லும். தாராவி 400017. மாட்டுங்கா 400019. செம்பூர் 400071. திருநெல்வேலி டவுன் பக்கம் என்றால் 627-இல் தொடங்கும். மனுவில் ஊர் விலாசம் எழுதும்போது ஊரின் பின்கோடை எழுதுங்கள். பழக்கத்தில் மும்பை எண்ணை எழுதிவிட்டால், தபால் ஊருக்குப் போகாமல் இங்கேயே சுற்றும்.

மனு கொடுக்க நேரமில்லை என்றால், நம்பிக்கையான பக்கத்து வீட்டாரிடம் சொல்லுங்கள். "அக்கா, தபால் வந்தா வாங்கி வைங்க" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்தத் தபாலைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்றும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் பில்லைப் பிரித்துப் போனில் போட்டோ அனுப்பலாம். பாங்குக் கவரைப் பிரிக்கவே வேண்டாம். உள்ளே கார்டு இருக்கும், ரகசிய எண்ணும் இருக்கலாம். எவ்வளவு நல்லவரானாலும் அந்தப் பாரத்தை அவர் தலையில் வைப்பது சரியல்ல. பிரிக்காத சாதாரணக் கடிதமானால், பழைய விலாசத்தை அடித்து, ஊர் விலாசத்தை எழுதி, உடனே தபால் பெட்டியில் போடச் சொல்லலாம். புதிதாக ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதில்லை.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பில்டிங் வீடுகளில் கதை வேறு. கீழே வரிசையாகத் தபால் பெட்டிகள் இருக்கும். வாட்ச்மேன் இருப்பார். அதனால் கவலை இல்லை என்று நினைப்பார்கள். ஆனால் ஒரு பெட்டி மட்டும் நிரம்பி, கவர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் என்ன தெரியும்? வீட்டில் ஆள் இல்லை என்று தெரியும். வாசலில் கிடக்கும் பேப்பரும் அதையேதான் சொல்லும். திருடனுக்கு இதைவிட வேறு என்ன தகவல் வேண்டும்? அமெரிக்காவில் ஊருக்குப் போகிறவர்கள் தபால் துறைக்குச் சொல்லிவிட்டால், 3 நாள் முதல் 30 நாள் வரை தபாலை நிறுத்தி வைக்கிறார்கள். அங்கேயும் திருட்டுப் பயம்தான் ஒரு காரணம். இங்கே வாட்ச்மேனிடம் பெட்டிச் சாவி கொடுக்க மனம் வராவிட்டால், எதிர் வீட்டாரிடம் கொடுக்கலாம். பேப்பர் போடுகிற பையனிடமும் பால்காரரிடமும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள்.

கரண்ட் பில்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் கரண்ட் கொடுப்பது பெஸ்ட். பில் கட்டாவிட்டால் திடீரென்று வந்து வெட்டிவிட முடியாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம், 56-ஆம் பிரிவின்படி, 15 முழு நாள் அவகாசம் கொடுத்து எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் அந்த நோட்டீஸ் பூட்டிய வீட்டின் கதவிடுக்கில் கிடந்தால்? 15 நாளும் ஓடிவிடும். ஊரிலிருந்து வந்து சுவிட்சைப் போட்டால் லைட் எரியாது. பழைய பில் ஒன்றை எடுத்து, அதில் உள்ள வாடிக்கையாளர் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். எண் இருந்தால் ஊரிலிருந்தே போனில் கட்டலாம்.

பழைய பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பேப்பர் கடைக்கும் போடாதீர்கள். தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்காக 2024 மார்ச்சில் வீடு வீடாகச் சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு ஒரு விதி, பின்னால் வந்தவர்களுக்கு வேறு விதி. எப்போதிருந்து இருக்கிறீர்கள் என்பதற்குக் காகிதம் கேட்பார்கள். பெயரும் விலாசமும் உள்ள பழைய கரண்ட் பில் அப்போது பணத்தைவிடப் பெரிது. ஊருக்குப் போயிருக்கும்போது இப்படி நோட்டீஸ் வந்தாலோ, சுவரில் ஒட்டினாலோ உடனே போன் செய்யும்படி பக்கத்து வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். மற்றத் தபால் காத்திருக்கலாம், இது காத்திருக்காது.

ஊரில் இருக்கும்போது போனுக்கு ஒரு செய்தி வரலாம். "உங்கள் பார்சல் வந்துவிட்டது, விலாசம் சரியில்லை, இதைத் தொட்டு விலாசம் கொடுங்கள்" என்று இருக்கும். தபால் துறை பெயரிலேயே வரும். தொடாதீர்கள். இப்படிப்பட்ட செய்தி பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 2024-இல் எச்சரித்தது. வெளியூரில் இருப்பவர்தான் இதில் சுலபமாக மாட்டுவார். 'நம் தபால் ஏதோ வந்திருக்கிறது போல' என்று நினைத்துவிடுவார் அல்லவா? சந்தேகம் இருந்தால் தபாலாபீசிலேயே கேளுங்கள். அங்கே ஏமாற்று இல்லை.

ஜூன் இரண்டாம் வாரத்தில் மும்பையில் மழை பிடித்துவிடும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதை ஒட்டித்தான். வீட்டைத் திறந்ததும் கதவடியில் கிடக்கும் காகிதத்தை மிதித்துவிடாதீர்கள். நனைந்திருந்தால் அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம், கிழிந்துவிடும். துணியில் பரப்பி ஃபேன் காற்றில் காய விடுங்கள். காய்ந்த பிறகு பிரியுங்கள்.

அதோடு, சீல் வைத்த மனுவை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய், "வந்துவிட்டோம், இனி இங்கேயே கொடுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தபால் தொடர்ந்து ஊருக்கே போய்க்கொண்டிருக்கும். தபால்காரர் வைத்துப் போன சீட்டு ஏதாவது இருந்தால் தேதியைப் பாருங்கள். 7 நாள் ஆகவில்லை என்றால் தபால் இன்னும் அங்கேயே இருக்கலாம். சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு அன்றே போங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம்.