மூன்றாம் பிரிவில் ஒரு தமிழிளைஞர்

அளவெட்டி என்னும் பெயரைக் கேட்டவுடன் யாழ்ப்பாணத்தவரின் நினைவில் முந்தி வருவது தவிலோசையாகும். வலிகாமத்தின் வடபால், செம்மண் தோட்டங்களுக்கிடையே அமைந்த அவ்வூரின் பெயர் தவில் மேதை தட்சிணாமூர்த்தியுடனும் நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனுடனும் பிரிக்கவியலாதவாறு இணைந்துவிட்டது. ஆயினும், பெரும்புகழ் எய்திய இத்தகைய வித்துவான்களை மட்டுமன்றி, இன்னொரு வகைக் கலைஞரையும் அவ்வூர் நன்கறியும். சிறு கோயில்களிற் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை வாசித்து, முகூர்த்த நாள்களிற் கல்யாண வீடுகளுக்குச் சென்று, அடுத்த திருவிழாவுக்கு யார் அழைப்பார் என்று காத்திருந்து குடும்பம் நடத்திய கலைஞரே அவர். அவர் பெயர் பத்திரிகைகளில் வந்ததில்லை. நல்லூர்த் திருவிழாவில் வாசிக்கும் பேறு அவருக்கு ஒருவேளை கிட்டியிருக்கும்; ஒருவேளை கிட்டாமலும் போயிருக்கும். ஆனால் அவரும் சிறு பிராயத்திற் கையிலே தாளத்தை ஏந்தி, பின்னர் ஒத்து ஊதி, குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்து பயின்றவரே. வித்தையால் அவர் தாழ்ந்தவரல்லர். வித்தையைச் சீவனோபாயமாகக் கொண்டவர் எல்லாரும் ஒரே உயரத்தில் நிற்பதில்லை, அவ்வளவே.

இதனை அறிந்த ஓர் ஊராருக்கு, இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவுகளில் உதைபந்தாடிப் பிழைக்கும் ஒருவரின் வாழ்க்கையை விளக்கிக் கூறுவது எளிது.

அளவெட்டிக்கு உதைபந்தாட்டம் புதிதன்று. அயலூராகிய தெல்லிப்பழையில், பாவலர் துரையப்பாபிள்ளை 1910 ஆம் ஆண்டில் நிறுவிய மகாஜனக் கல்லூரி இவ்விளையாட்டிற் பெயர் பெற்றது. இளவாலைப் பக்கத்திலும் பந்தடி என்றால் ஊரே திரளும். எனினும் எங்கள் நாட்டில் இவ்விளையாட்டு பாடசாலையின் மானம், ஊரின் மானம் என்பவற்றுக்காக ஆடப்படுவது. வென்ற குழுவினர் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் வருவர். மறுநாட் காலை தோட்டத்துக்கோ கந்தோருக்கோ போய்விடுவர். பந்தை உதைப்பதற்காக ஒருவருக்கு வாராவாரம் சம்பளம் வழங்குவதும், உதைக்கும் திறன் குறைந்தால் அச்சம்பளத்தை நிறுத்திவிடுவதும் இங்கே பழக்கத்தில் இல்லாதவை. தொலைக்காட்சி வந்தபின் மன்செஸ்டர் யுனைட்டெட், லிவர்பூல், ஆர்சனல் என்னும் பெயர்கள் சிறுவர் வாயில் நடமாடுகின்றன. அவர்கள் காண்பது உச்சியிலுள்ள இருபது கழகங்களையே. அவற்றின் கீழே மூன்று படிகளில், படிக்கு இருபத்துநான்காக, எழுபத்திரண்டு கழகங்கள் இருக்கின்றன என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்த எழுபத்திரண்டும் ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 46 லீக் ஆட்டங்கள் ஆடுகின்றன. ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும் பருவம் அது. உயர்ந்தோர் மேற்படிக்கு ஏறுவர். தாழ்ந்தோர் கீழே இறங்குவர். ஏற்றமும் இறக்கமும் வெறும் கௌரவப் பிரச்சினையல்ல. ஒரு படி இறங்கிய கழகத்தின் வருமானம் சுருங்கும். வருமானம் சுருங்கினால் ஆட்டக்காரரின் தொகையும் சுருங்கும். 1885 இற் தொடங்கப்பெற்று, 1900 இலும் 1903 இலும் இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கக் கிண்ணத்தையே வென்ற பரி என்னும் கழகம், கடன் தீர்க்க வழியின்றி 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்றுவரை அக்கழகத்தின் சட்டையை அணிந்தவர்கள் பருவம் தொடங்கிவிட்ட நிலையில் வேறு வேலை தேட நேர்ந்தது.

இத்தொழிலின் சரித்திரமும் கூலிக்காரரின் சரித்திரந்தான். ஆட்டக்காரர் கூலி பெறலாம் என்று 1885 இல் அனுமதித்தார்கள். 1888 இல் பன்னிரு கழகங்கள் கூடி லீக்கை அமைத்தன. ஆனால் 1901 முதல் வாரத்துக்கு நான்கு பவுணுக்கு மேல் எவருக்கும் கொடுத்தலாகாது என ஓர் உச்சவரம்பு விதித்தார்கள். அவ்வரம்பு சிறிது சிறிதாக உயர்ந்து இருபது பவுணை எட்டியது. 1961 ஆம் ஆண்டில், ஜிம்மி ஹில் என்பார் தலைமையில் ஆட்டக்காரர் சங்கத்தினர் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எச்சரித்த பின்னரே அது ஒழிந்தது. அதன் பயனாக மேற்படியிலுள்ளோர் செல்வந்தராயினர். கீழ்ப்படியிலுள்ளோர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் வாழத் தலைப்பட்டனர். அவ்வொப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30 ஆந் திகதியுடன் முடிவடையும். யாரை வைத்திருப்பது, யாரை விடுவிப்பது என்னும் பட்டியலைக் கழகங்கள் மே மாதத்தில் வெளியிடும். முப்பது வயதைக் கடந்து, வீட்டுக்கடனும் பள்ளிசெல்லும் பிள்ளைகளும் உடைய ஒருவருக்கு அந்த மே மாதம் எத்தகையதாக இருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இத்தகைய கழகங்களுள் ஒன்று பார்ன்ஸ்லி. தென் யோர்க்ஷயரிலுள்ள அந்நகரம் நிலக்கரியால் வளர்ந்தது. அங்கே 1887 இல் பிரீடி என்னும் கிறிஸ்தவ குருவானவர் தம் கோயிலின் பெயரால் ஓர் உதைபந்தாட்டக் குழுவை அமைத்தார். பெரிய வெள்ளியன்று றகர் ஆட மனம் ஒப்பாமையால் அவர் இவ்வேற்பாட்டைச் செய்தார் என்பர். அக்குழு இரண்டாம் பிரிவில் இருந்துகொண்டே 1912 இற் சங்கக் கிண்ணத்தை வென்றது. அதன் பின் மிக உயர்ந்த படியில் அது ஆடியது ஒரேயொரு பருவம், 1997-98 இல். நகரின் சுரங்கங்களோ 1984-85 வேலைநிறுத்தத்துக்குப் பின்னர் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அருகிலுள்ள கிரைம்தோர்ப் என்னும் ஊரின் சுரங்கம் 1993 இல் மூடப்பட்டபோதிலும், சுரங்கத் தொழிலாளர் அமைத்த பித்தளை வாத்தியக் குழு இன்னும் புகழோடு வாசித்து வருகின்றது. அளவெட்டியார் இதனைக் கேட்டால் வியக்கமாட்டார்கள். தொழில் போனாலும் மேளம் போகாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பார்ன்ஸ்லிக் கழகத்திலேதான் விமல் யோகநாதன் என்னும் தமிழிளைஞர் தொழிலுக்கு வந்தார். இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 2006 ஜனவரியில் பிறந்த இவர், வட வேல்ஸ் நாட்டிலுள்ள ட்ரெலோனிட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர். சிறுவயதில் லிவர்பூல் கழகத்தின் பயிற்சிக்கூடத்திற் பயின்றார். அங்கே ஒன்பது வயதுக்குட்பட்டோர் வரிசையிலிருந்தே பிள்ளைகளைப் பதிவு செய்கின்றார்கள். ஆண்டுதோறும் வடிகட்டல் நடைபெறும். பதினாறாம் வயதை எட்டும்போது, தொடங்கிய கூட்டத்திற் சிறு பகுதியே எஞ்சும். எஞ்சியவருக்கு ஈராண்டுப் பயிலுநர் ஒப்பந்தம் வழங்கப்படும். விமல் அந்த வயதில் லிவர்பூலை நீங்கி 2022 இற் பார்ன்ஸ்லிக்குச் சென்றார். பெரிய கோயிலின் மேளத்தைவிட்டு, அடுத்த ஊர்க் கோயிலில் இடம் தேடிக்கொண்டதைப் போன்றது இது. இதனை இறக்கம் என்று கருதுவோர் உளர். இறக்கமென்று சொல்வதற்கில்லை; ஆட இடம் கிடைக்கும் மேடையை நாடிச் செல்லுதல் இத்தொழிலில் அறிவுடைமையாகும். பெரிய கழகத்தின் சட்டையை அணிந்தபடி வாங்கில் அமர்ந்தே வயதைக் கழித்தவர் பலர்.

பயிலுநர் வாழ்க்கை எத்தகையது என்பதையும் சிறிது கூறவேண்டும். காலையிற் பயிற்சி, மாலையிற் பாடம் என்பதே பொதுவான ஒழுங்கு. பயிலுநர் கல்வியைக் கைவிடலாகாது என்பது அத்திட்டத்தின் விதி. விதி அவ்வாறிருப்பதற்குக் காரணம் இரக்கமன்று, கணக்கு. பதினெட்டாம் வயதிற் கழகம் வேண்டாம் என்று கூறிவிடின், அப்பிள்ளைக்குக் கையில் ஒரு சான்றிதழாவது இருக்கவேண்டுமல்லவா? தொழில்முறை ஒப்பந்தம் பெறுவோரைவிடப் பெறாது திரும்புவோர் தொகையே அதிகம்.

யாழ்ப்பாணப் பெற்றோரின் மனத்தை அறிந்தவருக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்னும் மூன்று வாசல்களைத் தவிர வேறு வாசல் அறியாத சமூகம் எங்களுடையது. 1983 க்குப் பின்னர் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கடல் கடந்தவர்கள், கல்வி ஒன்றையே பறிக்கவியலாத சொத்தாகக் கண்டார்கள். 1990 இலும் 1995 இலும் வலிகாமம் பெயர்ந்த காட்சியைக் கண்டவர் எவரும் அந்த எண்ணத்தைக் குறைகூற மாட்டார். அத்தகையோர் தம் மகனை, பந்தை நம்பிப் பதினாறு வயதில் ஒரு கழகத்தின் கையில் ஒப்படைப்பது எளிதான காரியமன்று. இலண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் கோடைகாலத்திற் பழைய மாணவர் சங்கங்கள் நடத்தும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளுக்குக் குறைவில்லை. தந்தையர் ஆடினார்கள், மைந்தரும் ஆடுகின்றார்கள். ஆனால் அது வார இறுதியின் இன்பம். திங்கட்கிழமை விளையாட்டைச் சோற்றுக்கு வழியாகக் கொள்வது வேறு.

தெற்காசியர் இத்தொழிலில் மிக அரிதாகவே இருப்பதற்குப் பெற்றோரை மட்டும் பொறுப்பாக்குவதும் நேர்மையன்று. இங்கிலாந்தில் ஆட்டக்காரரைத் தேடி மைதானம் மைதானமாக அலைவோர், தென்னாசியச் சிறுவர் ஆடும் மைதானங்களுக்கு நெடுங்காலம் போகவேயில்லை. உடற்பலம் போதாது, உணவுப் பழக்கம் ஒவ்வாது என்று காணாமலே தீர்ப்பிட்டார்கள். 1936 இற் கல்கத்தாவின் முகமது சலீம் என்பவர் ஸ்கொத்லாந்தின் செல்டிக் கழகத்துக்காகச் சப்பாத்தின்றி, பாதத்திற் கட்டுத்துணி சுற்றி ஆடினார், பார்த்தோர் பிரமித்தார்கள். ஊர் நினைவு வாட்ட அவர் திரும்பிவிட்டார். அவர் திறமையைக் கண்டபின்னும் அந்நாட்டார் கல்கத்தாப் பக்கம் மீண்டும் எட்டிப் பார்த்தார்களா என்றால், இல்லை.

விமல் சேர்ந்தபோது பார்ன்ஸ்லிக் கழகம் இரண்டாம் படியிலிருந்து இறங்கி மூன்றாம் படிக்கு வந்திருந்தது. அடுத்த ஆண்டே மீண்டும் ஏறும் வாய்ப்பு வாசலுக்கு வந்தது. 2023 மே 29 இல் வெம்பிளி மைதானத்தில் ஷெபீல்ட் வெனஸ்டேயுடன் இறுதியாட்டம். பார்ன்ஸ்லியின் ஆட்டக்காரர் ஒருவரை மத்தியஸ்தர் வெளியேற்றிவிட, பதின்மராய் நின்று எதிர்த்தார்கள். தொண்ணூறு நிமிடத்தில் கோல் இல்லை. மேலதிக நேரமும் முடிந்து, இனித் தண்டனை உதை என்று எல்லாரும் எண்ணிய கணத்தில், எதிரணியின் ஜோஷ் விண்டாஸ் தலையால் முட்டிய பந்து வலைக்குட் சென்றது. அந்த ஒரு முட்டலால் ஒரு நகரம் மூன்றாம் படியிலேயே தங்கிற்று. இத்தகைய ஆட்டம் ஒவ்வோராண்டும் நடைபெறுகின்றது. ஒவ்வோராண்டும் ஒரு பக்கத்தார் இவ்வாறு வீடு திரும்புகின்றார்கள். உலகம் அதனைப் பெரிதாய்க் கவனிப்பதில்லை.

2024 ஆகஸ்டில், விகன் அத்லெற்றிக் கழகத்துக்கெதிரான லீக் கிண்ணப் போட்டியில், நடுக்கள ஆட்டக்காரராகிய விமல் முதன்முதலாகப் பார்ன்ஸ்லியின் முதலணிக்காகக் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு. இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் ஆடிய முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இலண்டனிலும் அச்செய்தியைத் தமிழர்கள் மகிழ்வோடு படித்தார்கள். மகிழ்ச்சி நியாயமானதே. ஆனால் ‘முதல் தமிழர்’ என்னும் பட்டம் மைதானத்தில் எவருக்கும் ஓர் அங்குல இடம்கூடத் தருவதில்லை. எதிரே நிற்கும் முப்பத்திரண்டு வயது அனுபவசாலிக்கு, அடுத்த ஒப்பந்தம் வேண்டும். அவர் காலைத் தட்டிவிட்டுத்தான் பந்தைக் கொண்டுபோவார்.

மூன்றாம் பிரிவின் ஆட்டம் கடினமானது. சனிக்கிழமை ஓராட்டம், செவ்வாய் இரவு இன்னோராட்டம் என்று மாரிகாலம் முழுவதும் ஓடும். பார்ன்ஸ்லியிலிருந்து தென்மேற்கேயுள்ள எக்ஸெற்றர் நகருக்குத் தரைவழியே ஏறக்குறைய நானூறு கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குள்ள தூரம் என்று கொள்ளலாம். ஆட்டம் முடிந்து, கழகத்தின் பஸ்ஸில் நள்ளிரவுக்குப் பின் வீடு சேர்ந்து, அடுத்த ஆட்டத்துக்குள் உடலைத் தேற்றிக்கொள்ள வேண்டும். திருவிழாக் காலத்தில் தீவுப்பகுதியில் இரவுக் கச்சேரி முடித்து, விடியற்காலையில் வடமராட்சிக் கல்யாணத்துக்கு ஓடிய நாதஸ்வரக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவருக்கு உதடு புண்ணானால் வருமானம் நின்றது. இவருக்கு முழங்காற் சவ்வு கிழிந்தால் ஓராண்டு நிற்கும்.

அதே பிரிவில் 2024-25 பருவத்தில் வட வேல்ஸின் ரெக்ஸம் கழகமும் ஆடியது. 2021 இல் இரு சினிமா நடிகர்கள் அதனை வாங்கிப் பணத்தைச் சொரிந்தார்கள். அடுத்தடுத்து மூன்று பருவங்களில் மூன்று படி ஏறி, அது 2025 இல் இரண்டாம் பிரிவை அடைந்தது. பார்ன்ஸ்லி அவ்வாண்டு பன்னிரண்டாம் இடத்தில் நின்றது. ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பன்னிரண்டாம் இடத்தைப் பற்றி எவரும் படம் எடுப்பதில்லை. ஆயினும் இளம் ஆட்டக்காரர் ஒருவர் பதினைந்து நிமிடம், இருபது நிமிடம் என்று களத்திற் பழகித் தேர்வது பெரும்பாலும் இத்தகைய பருவங்களிலேதான். பயிற்சியாளர் மணிக்கூட்டைப் பார்த்து மாற்றுவீரரை எழுப்பும் அந்த எழுபத்தைந்தாம் நிமிடத்துக்காக, நடுங்கும் குளிரிலே கோட்டின் ஓரமாக ஓடி உடலைச் சூடாக்கிக்கொண்டிருப்பவர் அவ்வெழுபத்திரண்டு கழகங்களிலும் உள்ளனர்.