குர்பானிக் கறியும் சீனி நோயும்
(ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரம் டிரஸ்ட் செயலாளர் பேசியது)



சகோதர சகோதரிகளே, வீட்டில் சீனி உள்ளவருக்குக் கறி கூடாது என்று தள்ளி வைத்துவிட்டு, அதே தட்டில் நெய்ச்சோற்றை அள்ளி வைக்கிறோம்! கறியில் மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம். சீனியை ஏற்றுவது சோறும் பரோட்டாவும்தான். கறியில் பயப்பட வேண்டியது கொழுப்புக்கு. சீனி உள்ளவருக்கு இதயநோய் வாய்ப்புக் கூடுதல்.

தொடைக்கறியாக எடுத்து, வெள்ளைக் கொழுப்பைச் சீவிவிடுங்கள். அரைக் கிலோவுக்கு 4 மேசைக்கரண்டி தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகம், ஓர் எலுமிச்சம்பழச் சாறு. உப்பு அரைத் தேக்கரண்டி போதும். பலருக்குப் பிரஷரும் இருக்கிறதே. கடைக்காரர் மாதிரி கார்ன்ஃபிளவர், கலர் பொடி வேண்டாம். கறி முற்றலானால் பச்சைப் பப்பாளித் துருவல் கொஞ்சம். 3 மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறட்டும். கம்பியில் கோத்து, தணலில் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். கருகினதை வெட்டி எறியுங்கள். பாதித் தட்டு வெள்ளரியும் வெங்காயமும், நாலைந்து துண்டு கறி, ஒரு சப்பாத்தி. கிட்னி பாதித்தவர்கள் கறியின் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று. பெருநாள் தொழுகைக்கு முன் சாப்பிடாமல் போவது சுன்னத், நோயாளிக்குக் கட்டாயமில்லை. மாத்திரையோ இன்சுலினோ போட்டுவிட்டு, கறி வரும்வரை வெறும் வயிற்றோடு நின்றால் சீனி இறங்கிவிடும். கை நடுங்கி வியர்த்தால் உடனே 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.