இல்லமே பயிற்சிக்கூடம்

2020-ஆம் ஆண்டில் கொரோனாக் கொள்ளைநோய் பரவியபோது, உடலை வளர்க்கும் கூடங்களே நோயையும் வளர்த்தன. தென்கொரியாவின் சியோனான் நகரில், 12 கூடங்களின் நடன உடற்பயிற்சி வகுப்புகளோடு தொடர்புற்று 112 பேர் நோயுற்றனர். காரணம் பயிற்சியன்று; அடைத்த அறையில் பலர் நெருங்கி நின்று மூச்சிரைக்க ஆடியதே. அமைதியாக யோகம் பயின்ற சிறு வகுப்பொன்றில் எவருக்கும் நோய் தொற்றவில்லை.

கூடத்தை மூடலாம், உடலைச் சோம்ப விடலாமா? நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர்க்கு அச்சோம்பலே மற்றொரு தீங்கு. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் அவ்வாண்டே வரையறுத்தது. நாளொன்றுக்கு அரைமணி, ஐந்து நாள், அவ்வளவே.

இதற்குக் கருவி எதற்கு என்று கேட்கிறேன். தசைக்கு வேண்டுவது சுமை. அது இரும்பாயினும் நம் உடலின் எடையாயினும் ஒன்றே. இளைஞர் தண்டாலும் பஸ்கியும் எடுக்கலாம். முதியோர் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்துமுறை எழுந்தமரலாம். சுவரில் கை பதித்துத் தள்ளலாம். மொட்டைமாடியில் விரைந்து நடத்தல் யாவர்க்கும் ஏற்றது. நெஞ்சு வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

கொள்ளைநோய் நம்மை வீட்டினுள் இருத்தலாம். நாற்காலியிலேயே இருத்த நாம் இடந்தரலாகாது.