சித்திரம் சோறு போடுமா?

(ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில், மாலை நேரச் சித்திர வகுப்பின் துவக்க நாளில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

உள்ளே நுழையும்போதே ஒரு தோழர் என்னை வழிமறித்துக் கேட்டார்: "என் பையன் நன்றாகப் படம் போடுகிறான். சித்திரப் பள்ளியில் சேர்த்தால் நாளைக்கு அது சோறு போடுமா?" நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டுமானால், சென்னை எழும்பூரில் இருக்கிற கலைக் கல்லூரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

1850ல் அதைத் துவக்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார டாக்டர். சில வருஷங்களில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. ஓவிய மேதைகளை உண்டாக்கவா? இல்லை. மண்பாண்டம், ஓடு, செதுக்கு வேலை, உலோக வேலை ஆகியவற்றுக்கு ஆள் பழக்கத்தான்! நம் வீட்டு அடுப்பில் ஏறிய அலுமினியப் பாத்திரம் இருக்கிறதே, அந்தத் தொழிலை 1898ல் சாட்டர்டன் என்பவர் ஆரம்பித்தது இந்தப் பள்ளிக்கூடத்துப் பட்டறையில்தான். பிறகு அது கம்பெனியின் கைக்குப் போயிற்று. போகாமல் இருக்குமா?

நம்மவனுக்குக் கை உண்டு, கற்பனை கிடையாது என்பது அன்றைய துரைமார் பலருடைய அபிப்பிராயம். அதற்குப் பதில் சொன்னவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 1929ல் அந்தப் பள்ளிக்குத் தலைவராக வந்த முதல் இந்தியர். வங்காளி, சிற்பி, மல்யுத்தத்திலும் பிரியம் உள்ளவர். பாடம் சொல்வதோடு நிற்காமல் தாமும் களிமண்ணில் கை வைத்தார். ஆசிரியர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதைவிட மாணவனுக்கு வேறென்ன படிப்பு வேண்டும்? 1959ல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். நாலு பேர், நெம்புகோல், ஒரு பாறை. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தப் பள்ளியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். இரவெல்லாம் வாசலைக் காத்தவர், இன்று வெண்கலமாகக் கடற்கரையில் நிற்கிறார்.

அவருக்குப் பின் தலைவரானவர் அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். அவர் காலத்தில்தான் தோழரின் கேள்வி பூதாகாரமாக எழுந்தது. மாணவர்கள் தேறி வெளியே வருகிறார்கள். படத்தை வாங்க ஆளில்லை. விளம்பரக் கம்பெனிக்குப் போனால் சம்பளம் உண்டு, சொந்தப் படம் போட நேரம் இல்லை. என்ன செய்தார்கள்? துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் பாத்திக் வேலையைக் கூடிச் செய்து விற்றார்கள். 1966ல் நகருக்குத் தெற்கே கடலோரத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை அமைத்தார்கள். துணி வேலை வயிற்றுக்கு. மிச்சப் பொழுது ஓவியத்துக்கு.

கவனியுங்கள், தோழர்களே! ஹண்டர் துரை பழக்க நினைத்ததும் கைத்தொழில், இவர்கள் பிழைத்ததும் கைத்தொழில். ஆனால் இங்கே துரையும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. பொழுது அவர்கள் கையில் இருந்தது.

ஆகவே, கேட்ட தோழருக்குச் சொல்கிறேன்: பள்ளி சோறு போடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பையனைச் சேருங்கள், கூடவே சாயமோ, அச்சோ, மரமோ ஒரு தொழிலும் பழகட்டும். அதுவரை இங்கே அனுப்புங்கள். வகுப்பு மாலை ஆறு மணிக்கு. ராத்திரி ஷிப்ட்காரர்களும், வயலிலிருந்து வருகிற தோழர்களும் ஞாயிறு காலையில் வரலாம். காகிதம் சங்கம் தரும். பென்சில் மட்டும் கொண்டு வாருங்கள்.