ஆற்றங்கரை நடையும் கையில் ஒரு போனும்
(உத்திரமேரூர் பகுதி இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



உத்திரமேரூர்னு சொன்னதும் குடவோலைக் கல்வெட்டுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். நான் இன்னைக்குப் பேசப் போறது பக்கத்துல இருக்கிற திருமுக்கூடலைப் பத்தி. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற இடம். மலை ஏற வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம். எதிர்க்கரைப் பழையசீவரத்தில் இருந்து பாலம் வழியாகக் காலாற நடந்து வரலாம்.

கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அங்குள்ள வீரராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டைக் கட்டாயம் பாருங்க. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, 11-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே நடந்திருக்கு. வைத்தியர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், இருப்பில் வைத்த மருந்துகள் என எல்லாமே அதில் பதிவாகியிருக்கு.

இனி முக்கியமான விஷயம். ஒரு டிசம்பர் காலையில் நானும் என் சித்தப்பா பையனும் போயிருந்தோம். நல்ல வெயில். கணுக்கால் அளவு தண்ணிதானேன்னு செல்ஃபி எடுக்க அவன் உள்ளே இறங்கினான். நாலாவது அடியில் இடுப்பு வரை முங்கிட்டான். அடியில் மணல் பள்ளம்! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துண்டை வீசி இழுத்தார். "வானத்தைப் பார்த்து ஆத்துல இறங்காதீங்க தம்பி, தண்ணி மேற்க இருந்து வருது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். பாலாறு கர்நாடகத்து நந்தி மலையில் பிறக்குது; செய்யாறு ஜவ்வாது மலையில். அங்கே மழை கொட்டினால், இங்கே தூறல்கூட இல்லாமலே ஆற்றில் வெள்ளம் வரும்.

அதனால் கிளம்பும் முன் டிஎன் அலர்ட் செயலியில் மழை, வெள்ள எச்சரிக்கையைப் பாருங்க. வீட்டில் ஒருவருக்கு லொக்கேஷன் அனுப்புங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108. மூன்றையும் போனில் பதிந்து வையுங்க. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கரையோடு நில்லுங்க. யாராவது தண்ணியில் சிக்கினால் பின்னாலேயே குதிக்காதீங்க. துண்டோ கயிறோ வீசுங்க, உடனே 112-ஐ அழையுங்க.

போட்டோ கரையில் இருந்து எடுத்தாலும் அழகாத்தான் வரும். போயிட்டு, பத்திரமா வீடு திரும்புங்க.