சத்தமில்லாத ஈ

நுளம்பு வந்தால் காதருகே ரீங்காரம் கேட்கும். மணல் ஈ வந்தால் சத்தமே கேட்காது. எள்ளளவு பூச்சி. ரவைச் சல்லடையில் மாவு நழுவுவதுபோல, சாதாரண நுளம்பு வலைக்குள்ளும் நுழைந்துவிடும்.

இலங்கையில் அநுராதபுரம், பொலநறுவை, அம்பாந்தோட்டைப் பக்கம் லீஷ்மேனியாசிஸ் என்ற தோல் நோயைப் பரப்புவது இந்த ஈதான். பெண் ஈ கடிக்கும்போது ஒட்டுண்ணி உடலுக்குள் போகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து அந்த இடத்தில் ஒரு சிறு பரு. மெல்ல மெல்லப் புண்ணாகும். ஆனால் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் கவலை.

இந்த ஈ தண்ணீரில் பெருகாது. ஈரமண், சாணம், உக்கிய இலைகுழையில்தான் பெருகும். வளவைக் கூட்டித் துப்புரவாக வையுங்கள். வலிக்காத புண் வாரக்கணக்கில் ஆறவில்லையா? தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். குணமாக்க மருந்து இருக்கிறது.