இலையில் இருப்பதெல்லாம் கோப்பைக்கு வருவதில்லை

'தேயிலையில் உலோகம் இருக்கிறது' என்று ஒருவர் சொன்னால் போதும், பத்து வீட்டில் தேநீர் கசந்துவிடும். அந்தப் பயம் வாங்குபவரைவிட, அந்தத் தேயிலையை நம்பி வாழ்கிற தோட்டத் தொழிலாளியைத்தான் அதிகம் பாதிக்கும். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த கேமரன் மலையையே எடுத்துக்கொள்வோம். அங்கே போ தோட்டம் 1929-ல் தொடங்கியது.

தேயிலைச் செடி அமில மண்ணை விரும்புவது. அமில மண்ணில் மாங்கனீசும் அலுமினியமும் எளிதில் கரைந்து வேர் வழியாக ஏறும். ஆகவே இலையில் உலோகம் இருப்பது இயற்கை. எது, எவ்வளவு என்பதே கேள்வி.

பதில் தரும் முறை அணு உட்கவர் நிறமாலையியல். ஆஸ்திரேலியாவில் ஆலன் வால்ஷ் 1955-ல் இதை வெளியிட்டார். இலையைக் காயவைத்துப் பொடித்து, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அந்தக் கரைசலைச் சுடரில் தெளிப்பார்கள். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை விழுங்கும்: செம்பு 324.8 நானோமீட்டர், மாங்கனீசு 279.5. ஒளி எவ்வளவு குறைகிறதோ அதுவே அளவு.

ஒரு தனிமத்துக்கு ஒரு விளக்கு என்பதால் வேலை நீளும். 2004-ல் சந்தைக்கு வந்த செனான் விளக்குக் கருவியில், ஒரே விளக்கைக்கொண்டு பல தனிமங்களை அடுத்தடுத்து அளக்கலாம். ஆனாலும் எல்லாவற்றுக்கும் ஒரே சூடு போதாது. செம்புக்கும் துத்தநாகத்துக்கும் காற்று-அசிட்டிலீன் சுடர். அலுமினியத்துக்கு அதைவிடச் சூடான நைட்ரஸ் ஆக்சைடு சுடர். மிகக் குறைவாக இருக்கும் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் கிராபைட் உலை.

இனி கணக்கு. இந்தியாவில் தேயிலையில் செம்புக்கு அனுமதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 150 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொட்ட இலையில் 2 கிராம் போட்டு, செம்பு முழுவதும் நீரில் இறங்கினாலும் 0.3 மில்லிகிராம்தான். பெரியவர்களுக்குத் தினமும் தேவைப்படும் செம்பே சுமார் 0.9 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி சக்கையிலேயே தங்கிவிடும்.

ஈயத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. அது உடலுக்குத் தேவையே இல்லாதது. எனவே யாராவது சோதனைத் தாளை நீட்டினால், மூன்று கேள்வி கேளுங்கள்: எந்தத் தனிமம்? அளந்தது இலையையா, வடித்த நீரையா? அளவு தெரிந்த மாதிரி ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்களா?

பதில் வந்த பிறகு பயப்படலாமா, குடிக்கலாமா என்று முடிவு செய்யலாம்.